சமநிலை நாடகமும் கட்டடத் தொழிலாளியும்

(பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)

1856-ஆம் ஆண்டு, ஏப்ரல் திங்கள் 21-ஆம் நாள். ஆஸ்திரேலியாவிலே, மெல்பர்ன் நகரிலே, பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்தார்கள்; ஒருவர் பின் ஒருவராக வேலைத் தலத்தை விட்டு வெளியேறினார்கள்; நாடாளுமன்றத்தை நோக்கி அணிவகுத்து நடந்தார்கள். நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை, கூலியிலே கை வைக்கக் கூடாது—இதுதான் கோரிக்கை. கேட்டார்கள், பெற்றார்கள். எட்டு மணி நேர வேலை என்று உலகம் இன்று பேசுகிறதே, அந்தப் பேச்சின் முதல் வெற்றிகளிலே ஒன்று சுண்ணாம்பும் கல்லும் சுமந்த கைகளால் கிடைத்தது.

அதே நாட்டிலே, அதே தொழிலிலே, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 2007-ஆம் ஆண்டிலே நடந்த ஒரு கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். இம்முறை கட்டடத் தொழிலாளியை எதிர்த்து வந்தவன் தடியேந்தி வரவில்லை. குதிரை மீதேறி வரவில்லை. சமன்பாடுகளைச் சுமந்துகொண்டு வந்தான்! பொதுச் சமநிலை மாதிரி என்பது அவன் ஏந்திய ஆயுதத்தின் பெயர்.

கணக்கா என்று முகம் சுளிக்க வேண்டாம். கல்லூரியின் படியைப் பாதியிலே இறங்கி மேடைப்படி ஏறியவன் நான்; நாடகம் எழுதிப் பிழைப்பவன். உனக்கேன் பொருளாதாரம் என்று பட்டம் பெற்ற நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் வால்ரா என்னும் பிரெஞ்சுக்காரரைக் காட்டுவேன். பாரிஸ் நகரத்துப் பெரிய பொறியியல் கல்லூரியின் நுழைவுத் தேர்விலே இருமுறை தவறியவர். சுரங்கக் கல்லூரியிலே சேர்ந்து, அதையும் முடிக்காமல் விட்டவர். 1858-இலே ஒரு நாவலை எழுதி வெளியிட்டவர். அந்த மனிதர்தாம், பின்னர் சுவிட்சர்லாந்திலே லோசான் நகரிலே ஆசிரியராக அமர்ந்து, 1874-இலே பொதுச் சமநிலை என்னும் கருத்துக்கு அடித்தளம் இட்டார். ஆகவே, கதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் துறையிலே பிறப்புரிமை உண்டு!

வால்ரா சொன்னது என்ன? சந்தையிலே எந்தப் பொருளின் விலையும் தனித்து நிற்பதில்லை. செங்கல்லின் விலை சூளைக்கு எரிக்கும் விறகின் விலையைத் தொட்டு நிற்கிறது. விறகின் விலை வண்டிச் சத்தத்தைத் தொட்டு நிற்கிறது. வண்டிச் சத்தம் வண்டிக்காரன் உண்ணும் சோற்றின் விலையைத் தொட்டு நிற்கிறது. ஒன்றை அசைத்தால் எல்லாம் அசையும். எல்லாப் பொருள்களிலும், வேண்டுவோர் வேண்டும் அளவும் விற்போர் விற்கும் அளவும் ஒரே நேரத்திலே ஒத்து நிற்கும் ஒரு விலைத் தொகுதி உண்டு. அதுவே சமநிலை என்றார் அவர். அழகான கருத்துத்தான். ஆனால் கணக்கிட்டுக் காட்ட அவரிடம் எண்கள் இல்லை, இயந்திரமும் இல்லை.

எண்களைத் தந்தவர் ரஷ்யாவிலே வளர்ந்து அமெரிக்காவிலே குடியேறிய லியோன்டிஃப். எந்தத் தொழில் எந்தத் தொழிலிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்பதைக் கட்டம் கட்டமாகப் போட்டு, 1936-இலே அமெரிக்கப் பொருளாதாரத்தையே ஓர் அட்டவணைக்குள் அடக்கிக் காட்டினார். 1973-இலே அவருக்கு நோபல் பரிசு. அந்த அட்டவணைக்கு உயிரூட்டி, விலையும் கூலியும் அசையும்படி செய்தவர் நார்வே நாட்டு லீஃப் யோஹான்சன், ஆண்டு 1960. அவரது வழியைப் பின்பற்றி, 1970-களிலே ஆஸ்திரேலியாவிலே பீட்டர் டிக்சன் என்பவரும் தோழர்களும் ஒரு பெரிய மாதிரியைக் கட்டினார்கள். நூற்றுக்கு மேற்பட்ட தொழில்கள் அதிலே இடம்பெற்றன. அதற்கு ஒரானி என்று பெயர். டிக்சன் தம் மனைவியின் பெயரையே சூட்டினாராம்! காப்புவரியைக் குறைத்தால் எந்தத் தொழில் வாடும், எந்தத் தொழில் வாழும் என்று அரசினர் கேட்ட கேள்விகளுக்கு அது விடையளித்தது. ஆஸ்திரேலியாவிலே இத்தகைய மாதிரிகள் பெற்ற செல்வாக்கை வேறு எந்த நாட்டிலும் பெற்றதில்லை என்று சொன்னாலும் மிகையாகாது.

இந்த மாதிரியிலே கட்டடத் தொழிலுக்கு உள்ள இடம் விந்தையானது. அதை விளக்கியாக வேண்டும்.

அரிசியை உண்கிறோம், துணியை உடுக்கிறோம். கட்டடத் தொழில் தருவதிலோ பெரும்பகுதி நுகரப்படுவதில்லை, மூலதனமாகிறது. ஆலையைக் கட்டியவன் கொத்தனார், ஆலைக்குப் போகும் சாலையைப் போட்டவன் கொத்தனார், துறைமுகத்தின் அலைத்தாங்கியை எழுப்பியவனும் அவனே. எனவே கட்டடச் செலவு குறைந்தால், மாதிரிக்குள்ளே எல்லாத் தொழில்களின் மூலதனச் செலவும் குறைகிறது. மேலும், கட்டடத்தைக் கப்பலிலே ஏற்றி வர முடியாது. அயல்நாட்டான் மலிவாகக் கட்டி இறக்குமதி செய்து போட்டியிட முடியாது. உள்நாட்டுக் கூலி ஏறினால் கட்டடத்தின் விலையும் ஏறும். உழைப்பு மிகுதியாகக் கலந்த தொழில், எல்லாத் தொழிலுக்கும் அடிப்படையான தொழில், அயல்நாட்டுப் போட்டி இல்லாத தொழில்—இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்ததால், மாதிரியிலே கட்டடத் தொழிலை ஓர் அங்குலம் தள்ளினால் நாடே ஒரு முழம் நகர்வதாகக் கணக்கு வரும். இந்த உண்மையைப் பொருளாதார வல்லுநர் அறிவார், முதலாளிகளும் அறிவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சமநிலை மாதிரி நமக்குப் பகையே என்று எண்ணிவிடாதீர்கள். விளையாட்டரங்கம் ஒன்றைக் கட்டப்போகும் ஒப்பந்தக்காரர் என்ன சொல்வார்? “இங்கே ஆயிரம் பேருக்கு வேலை; அதனால் சிமென்ட் ஆலையிலே ஐந்நூறு பேருக்கு; அவர்கள் சாப்பிடும் ஓட்டலிலே இருநூறு பேருக்கு” என்று அடுக்கிக்கொண்டே போய், அரசிடம் பணம் கேட்பார். அது லியோன்டிஃபின் அட்டவணையை மட்டும் வைத்துப் பெருக்கும் கணக்கு. ஆட்கள் வானத்திலிருந்து வேண்டிய மட்டும் குதிப்பார்கள், விலை ஏறவே ஏறாது என்று கொண்டால்தான் அது சரி. அந்த ஆயிரம் கொத்தனார்கள் பள்ளிக்கூடம் கட்டும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கலாமே? கம்பியின் விலை ஏறி, வீடு கட்ட நினைத்தவன் கைவிட்டிருக்கலாமே? இதைக் கேட்பது சமநிலை மாதிரி. பெருக்கல் எண்களைக் கண்டபடி கையாளுகிறார்கள் என்பதாலே, ஆஸ்திரேலியப் புள்ளிவிவர அலுவலகம் 2001-02 ஆண்டுக்கான அட்டவணை முதல் அந்த எண்களை வெளியிடுவதையே நிறுத்திக்கொண்டது. ஒப்பந்தக்காரரின் சரடைப் பிடித்து இழுக்க இதைவிட நல்ல கருவி இல்லை.

ஆனால் கருவிக்குள்ளே ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாடகக்காரன் என்ற முறையிலே அது எனக்கு எளிதிலே விளங்கிற்று. மாதிரியிலே சமன்பாடுகளைவிட, மதிப்புத் தெரியாத அளவுகளே எண்ணிக்கையிலே மிகுதி. ஆகவே, சிலவற்றை அசையாமல் நிறுத்திவிட்டுத்தான் மற்றவற்றைக் கணக்கிட முடியும். எதை அசையாமல் நிறுத்துவது? இதை மாதிரி சொல்லாது. மாதிரியை இயக்குகிறவர் சொல்ல வேண்டும், திரை தூக்குவதற்கு முன்னமே! கூலியை அசையாமல் நிறுத்தினால், வேலைவாய்ப்பு அசையும். வேலை கூடும், குறையும், வேலை இழந்தவன் கணக்கிலே வருவான். குறுகிய காலக் கணக்குக்கு இப்படி நிறுத்துவது வழக்கம். நெடுங்காலக் கணக்குக்கோ வேலைவாய்ப்பின் மொத்தத்தை அசையாமல் நிறுத்துவார்கள்; கூலி அசையும். மக்கள்தொகைதான் நெடுங்காலத்திலே உழைப்பாளர் எண்ணிக்கையை முடிவு செய்கிறது என்பது அதற்கு அவர்கள் கூறும் நியாயம். ஒப்புக்கொள்ளத்தக்க நியாயமே. ஆனால், விளைவைப் பாருங்கள்: வேலையிழந்த சித்தாள் அந்த நாடகத்திலே ஒரு பாத்திரமே அல்ல. அவளை அரங்கிலிருந்து அகற்றியவன் வில்லன் அல்ல, ஆசிரியன்.

இனிக் கதைக்கு வருவோம்.

2001 முதல் 2003 வரை ஆஸ்திரேலிய அரசு கட்டடத் தொழிலைப் பற்றி ஒரு விசாரணைக் கமிஷன் நடத்திற்று. தொழிற்சங்கங்களின் ஒழுங்கீனம் என்பதுதான் அதன் பல்லவி. அதன் விளைவாக, ஹோவர்ட் பிரதமராக இருந்த 2005-இலே, ஆஸ்திரேலியக் கட்டட, கட்டுமான ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்கள். அதற்குத் தந்த அதிகாரத்தைக் கேளுங்கள்: எந்தத் தொழிலாளியையும் அழைத்து, வேலைத் தலத்திலே நடந்தது என்ன, சங்கக் கூட்டத்திலே பேசியது யார் என்று கேட்கலாம். வாய் திறக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை அவனுக்குக் கிடையாது. மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை! வங்கி ஊழியருக்கு இல்லை, ஆசிரியருக்கு இல்லை, கட்டடத் தொழிலுக்கு மட்டும் இந்தத் தனிச் சட்டம். தென் ஆஸ்திரேலியாவிலே ஒரு தொழிலாளி, பாதுகாப்பில்லாத வேலைத் தலத்தைப் பற்றிய கூட்டம் தொடர்பாக ஆணையத்தின் முன் செல்ல மறுத்தார். சிறைவாசம் தலைக்கு மேல் கத்தியாகத் தொங்க, வழக்கு மன்றப் படியேறினார். 2010 நவம்பரிலேதான் விடுதலை கிடைத்தது.

மக்களாட்சி நாட்டிலே இத்தகைய சட்டத்தை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது? அங்கேதான் சமநிலை மாதிரி மேடையேறுகிறது. ஆணையம், எக்கான்டெக் என்னும் பொருளாதார ஆலோசனை நிறுவனத்திடம் ஆய்வொன்றைக் கேட்டு வாங்கிற்று. 2007-இலே அறிக்கை வெளிவந்தது. ஆணையமும் அதனோடு இணைந்த சீர்திருத்தங்களும் வந்ததால் கட்டடத் தொழிலிலே உழைப்பின் உற்பத்தித்திறன் 9.4 சதவிகிதம் உயர்ந்தது என்று கொண்டு, மாதிரியை இயக்கினார்கள். முடிவு: நாட்டின் மொத்த உற்பத்தி 1.5 சதவிகிதம் அதிகம். நுகர்வோர் விலைவாசி 1.2 சதவிகிதம் குறைவு. நுகர்வோருக்கு ஆண்டுதோறும் 310 கோடி டாலர் நன்மை!

எப்படி இருக்கிறது, பார்த்தீர்களா? சிறைத் தண்டனையை எதிர்த்துப் பேசுகிறவன், இனிமேல் ஒவ்வொரு குடும்பத்தின் சட்டைப்பையிலிருந்தும் பணத்தைத் திருடுகிறவன் ஆகிவிட்டான்.

கொஞ்சம் நிதானித்துக் கணக்குப் பார்ப்போம். அந்நாளிலே ஆஸ்திரேலியாவின் மொத்த உற்பத்தியிலே கட்டடத் தொழிலின் பங்கு ஏறத்தாழ 7 சதவிகிதம். 7 சதவிகிதப் பங்குள்ள தொழிலிலே 9.4 சதவிகித உயர்வு என்றால், எளிய பெருக்கலிலே நாட்டுக்கு வருவது முக்கால் சதவிகிதம்கூட இல்லை. 1.5 எப்படி வந்தது? முன்னே சொன்னேனே, கட்டடம் என்பது மூலதனம். கட்டடம் மலிவானால் எல்லாத் தொழில்களும் நெடுங்காலத்திலே மேலும் மேலும் மூலதனம் சேர்க்கும். அந்த மூலதனம் மேலும் உற்பத்தி செய்யும். இந்தப் பெருக்கம் மாதிரியின் இயல்பு. அதிலே சூழ்ச்சி இல்லை. ஆனால் இன்னொரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அன்று அந்நாட்டு மொத்த உற்பத்தி சுமார் ஒரு லட்சம் கோடி டாலர். அதிலே 1.5 சதவிகிதம் என்றால் 1,500 கோடி. நுகர்வோர் கைக்கு வந்த நன்மை என்று அதே அறிக்கை சொல்வதோ 310 கோடி. மிச்சம்? கூடுதல் மூலதனத்தைக் கொண்டுவந்து போட்டவனுக்கு அதன் வருவாய் போக வேண்டுமல்லவா? மேடையிலே முழங்குவதற்கு 1.5, வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு அதிலே ஐந்திலொரு பங்கு. இரண்டும் ஒரே தாளிலே அச்சான எண்கள்தாம்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றுண்டு. அந்த 9.4 எங்கிருந்து வந்தது? மாதிரி கண்டுபிடித்ததா? இல்லை, தோழர்களே, இல்லவே இல்லை! மாதிரியின் வாயிலே கையால் ஊட்டப்பட்ட எண் அது. 9.4 இருந்த இடத்திலே சுழியத்தை வைத்து இயக்குங்கள், 1.5-உம் சுழியம், 1.2-உம் சுழியம், 310 கோடியும் சுழியம். அத்தனை சமன்பாடுகளும் சேர்ந்து செய்த வேலை, அந்த ஓர் எண்ணை நாடு முழுதும் பரப்பிக் காட்டியது மட்டுமே. எண் மெய்யா என்று ஆராய்வது அவற்றின் வேலையன்று.

அந்த எண்ணுக்கு ஆதாரங்களிலே முக்கியமான ஒன்று, கட்டடச் செலவுகளைக் குறித்துவைக்கும் ஒரு விலைப்புத்தகம். ஒரே வேலையை—கான்கிரீட் போடுவது, தச்சு வேலை என்பன போன்றவற்றை—தனி வீடுகளிலே செய்தால் என்ன செலவு, பெரிய வணிகக் கட்டடங்களிலே செய்தால் என்ன செலவு என்று ஒப்பிட்டார்கள். தனி வீடுகளிலே சங்கம் வலுவற்றது. வணிகக் கட்டடங்களிலே வலுவுள்ளது. ஆணையம் வந்தபின் இரண்டுக்கும் இடையே இருந்த செலவு வேறுபாடு குறுகிற்று; ஆகவே, சங்கத்தை அடக்கியதால் உற்பத்தித்திறன் உயர்ந்தது என்பது வாதம்.

இந்த வாதத்தின் இடுப்பு எங்கே ஒடிகிறது என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். செலவு வேறுபாடு, உற்பத்தித்திறனா? வீடு கட்டுவதற்குக் கிராக்கி ஏறி, அங்கே கூலி உயர்ந்தாலும் வேறுபாடு குறுகுமே! அப்போது வணிகக் கட்டடத்திலே ஒருவன்கூட ஒரு செங்கல் அதிகமாக வைத்திருக்க மாட்டான். வாதம் இப்படி நொண்டுவது ஒருபுறம் இருக்க, அடிப்படை எண்களே பிழையானவை என்பது பின்னர் வெளிப்பட்டது. பிழை நீங்கியபோது, குறுகியதாகச் சொன்ன வேறுபாடு அந்தக் காலத்திலே குறுகவே இல்லை. கிரிஃபித் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதையெல்லாம் அலசி, 2010-இலே ஆய்விதழொன்றிலே விரிவாக எழுதினார்கள். மூல எண்கள் திருத்தம் பெற்ற பிறகாவது ஆதாயக் கணக்கு இறங்கி வந்ததா? வரவில்லை. பின்வந்த அறிக்கைகளும் ஏறத்தாழ அதே உற்பத்தித்திறன் உயர்வையே பேசிக்கொண்டிருந்தன. அடித்தளத்தை உருவி எடுத்த பின்பும் அந்தரத்திலே நின்ற மாடியை அங்கேதான் கண்டோம்!

இதைச் சங்கத்துக்காரர் மட்டும் சொன்னால் சந்தேகிக்கலாம். கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற மரே வில்காக்ஸ், அரசின் வேண்டுகோளின்படி இந்தச் சட்டத்தை ஆராய்ந்து 2009-இலே அறிக்கை அளித்தார். 2007-இன் பொருளாதார அறிக்கை ஆழமான குறையுடையது, அதை அடியோடு ஒதுக்கிவிட வேண்டும் என்றார் அவர். அவர் சங்கங்களின் கையாள் அல்லர். கட்டாய விசாரணை அதிகாரத்தைப் பாதுகாப்புகளுடன் இன்னும் சில ஆண்டுகள் வைத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தவரே அவர்தான். தொழிலாளருக்குக் கசந்த பரிந்துரை அது. அப்படிப்பட்டவருக்கும் அந்த எண்ணை விழுங்க மனம் வரவில்லை. 2014-இலே அரசின் உற்பத்தித்திறன் ஆணையமும், அது ஒன்றும் தொழிலாளர் பாசறை அன்று, இத்தகைய அறிக்கைகளை நுணுகிப் பார்த்தது. கட்டட ஆணையத்தால் அத்தொழிலின் மொத்த உற்பத்தித்திறன் பொங்கி எழுந்தது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரத்தை அவை தரவில்லை என்றே முடிவு கூறிற்று.

எண் செத்தது, சட்டம் சாகவில்லை. 2012-இலே கில்லார்ட் அரசு ஆணையத்தைக் கலைத்து வேறோர் அமைப்பை வைத்தது. பழைய ஆணையத்தை மீட்கும் மசோதாவை மேலவை ஏற்கவில்லை என்று காரணம் காட்டி, 2016-இலே டர்ன்புல் அரசு இரண்டு அவைகளையும் கலைத்துத் தேர்தலைச் சந்தித்தது; வென்றபின், அவ்வாண்டு இறுதியிலே ஆணையம் மீண்டும் எழுந்தது. கடைசியாக, அல்பனிசி அரசு 2022 டிசம்பரிலே நிறைவேற்றிய சட்டத்தால், 2023 பிப்ரவரியிலே அது நீக்கப்பட்டது. 1856-இலே ஒரு நாளிலே நடந்து சென்று வென்றவர்களின் வழிவந்தவர்களுக்கு, இதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

அந்தப் பதினேழு ஆண்டுகளிலே மாதிரி பார்க்காத ஒன்று உண்டு. சாரம் சரிந்து விழுந்தவன். அவன் சாவு மொத்த உற்பத்தியிலே ஒரு கட்டத்திலும் பதியாது. “இந்தச் சாரத்திலே ஏறமாட்டோம்” என்று வேலையை நிறுத்திய மூன்று மணி நேரம் மட்டும் உற்பத்தித்திறன் குறைவாகப் பதிந்துவிடும். வேகத்தை அளக்கத் தெரிந்த கோலுக்கு உயிரை அளக்கத் தெரியாது. அதனாலேதான் சொல்கிறேன், இத்தகைய அறிக்கை எதுவும் உங்கள் கைக்கு வந்தால் முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளிலே மயங்காதீர்கள். கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். வெளியிலிருந்து ஊட்டிய எண் எது, அது எந்த வேலைத் தலத்திலே, யார் அளந்தது என்று பாருங்கள். அசையாமல் நிறுத்தியது எதை என்று பாருங்கள். கேட்டு வாங்கியவர் யார் என்று அட்டையிலேயே இருக்கும்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: “இந்த மாதிரியை நாமும் கையாளலாமா?”

கையாளலாம், தோழரே, கையாளவேண்டும். 1970-களிலே அறை முழுதும் அடைத்து நின்ற இயந்திரம் செய்த கணக்கை, இன்று மடியிலே வைத்துக்கொள்ளும் கணிப்பொறி சில நொடிகளிலே செய்கிறது. சமன்பாடுகள் நூல்களிலே அச்சாகிக் கிடக்கின்றன. தொழில்களின் அட்டவணைகளை அரசுகளே வெளியிடுகின்றன. கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான். பாதுகாப்பு வலை கட்டிய தலத்திலே ஒரு கொத்தனார் நாளொன்றுக்கு எத்தனை செங்கல் வைக்கிறார், கட்டாத தலத்திலே எத்தனை வைக்கிறார்; கம்பி வராமல் வேலை நின்ற நாள் எத்தனை, சங்கம் நிறுத்திய நாள் எத்தனை; மேஸ்திரி கணக்கிலே எழுதிய கூலி எவ்வளவு, கையிலே வந்தது எவ்வளவு? இந்த எண்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. சாரத்தின்மேல் நிற்பவனிடம் இருக்கின்றன. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், ஆறு மாதம் குறித்து வாருங்கள். மாதிரியை இயக்கத் தெரிந்தவரை நான் தேடிப் பிடித்து வருகிறேன்.